தண்டவாளத்துக்குக் கணக்கு உண்டு



'காணாமல் போன முன்னோரைத் தேடுதல்' என்று அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. தலைப்பைக் கொடுத்தவன் நான்தான். கொடுத்த பிறகு அந்தச் சொல்மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆடு காணாமல் போகும். வீட்டுச் சாவி காணாமல் போகும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, லாரியில் ஏற்றி, ரயிலில் அடைத்துக் கொண்டுபோன ஆளை எப்படிக் 'காணாமல் போனவர்' என்று சொல்வது? இருந்தாலும் எண்பது வருடமாக எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம். நானும் அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படையல். உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும். வாழை இலைகள் வரிசையாக விழும். கடைசியில் ஓர் இலை மட்டும் வரிசையை விட்டுத் தள்ளி, சுவரோரமாக விழும். அதில் சோறு, கருவாட்டுக் குழம்பு, ஒரு சுருட்டு. மற்ற இலைகளுக்கெல்லாம் சூடம் காட்டுவார்கள்; அந்த இலைக்குக் காட்டமாட்டார்கள். சின்ன வயதில் நான் தட்டை அந்தப் பக்கம் நீட்டியபோது அத்தை என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "அதுக்கு வேணாம்யா. சும்மா இருக்கட்டும்." உயிரோடு இருக்கக்கூடியவருக்குச் சூடம் காட்டலாமா?

அந்த இலைக்குரியவர் என் தாத்தா. அப்பாவின் அப்பா. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். 1943இல் சயாமுக்குப் போனார். அப்போது அத்தைக்கு ஏழு வயது, அப்பாவுக்கு நாலு.

தாத்தாவைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு ரயில் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பின் ரயில் நிலையம் என்று நாம் சொல்வது உண்மையில் மலாக்கா எல்லைக்குள், புலாவ் செபாங்கில் இருக்கிறது. அங்கிருந்து மலாக்கா நகரம் வரை ஒரு கிளைப்பாதை இருந்தது. 1905இல் திறந்தது, ஏறத்தாழ 34 கிலோமீட்டர். என் மாணவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், "சார், மலாக்காவுல ஏது சார் ரயிலு?" என்று. நகரத்தில் இப்போது ரயில் இல்லைதான். ஜப்பானியர் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம்-பர்மா பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். போர் முடிந்த பிறகு யாரும் திரும்பப் போடவில்லை.

நம் மாநிலத்திலிருந்து சயாமுக்கு இரண்டு சரக்குகள் போயின. ஒன்று இரும்பு, இன்னொன்று ஆள். இரும்பின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுருக்கமானது. போருக்குப் பின் அந்தப் பாதையின் சயாம் பகுதியைத் தாய்லாந்து அரசு நேச நாடுகளிடமிருந்து 12 லட்சத்து 50 ஆயிரம் பவுனுக்கு வாங்கிக்கொண்டது. தளவாடங்களைப் பறிகொடுத்த மலாயா, பர்மா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் ரயில்வேக்களுக்கு அந்தப் பணம் ஈடாகப் பிரிக்கப்பட்டது. ஆக, தண்டவாளத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. எத்தனை மைல், என்ன விலை, யாருக்குச் சேர வேண்டும் என்று உட்கார்ந்து எழுதினார்கள்.

ஆள் கணக்கைப் பாருங்கள். பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள். 12,000க்கும் மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர், படைப்பிரிவு, எண், இறந்த தேதி எல்லாம் இன்று இணையத்தில் தட்டினால் வரும். மலாயாவிலிருந்து கூலிகளாகப் போனவர்கள் 78,000 சொச்சம். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். போருக்குப் பிந்தைய கணக்கு இவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் இறந்ததாகச் சொல்கிறது. பெயர்ப் பட்டியல் கிடையாது. அதே கணக்கில் இன்னொரு தலைப்பும் உண்டு: 'ஓடிப்போனவர்கள்'. அதன்கீழ் இருபதாயிரத்துக்கும் மேல்.

காட்டுக்குள், மழைக்காலத்தில், காலரா பரவிய கொட்டகையிலிருந்து ஓடியவன் எங்கே போய்ச் சேர்ந்திருப்பான்? காலை வரிசையில் நிற்காதவனெல்லாம் கணக்கு எழுதியவனுக்கு ஓடிப்போனவன்தான். அந்தத் தலைப்பில் இருப்பவர்களில் மிகப் பலர் இறந்தவர்கள் என்பது என் முடிவு. ஓடிப் பிழைத்தவர்களும் உண்டு. சயாமிலேயே தங்கி, அங்கேயே பெண்ணெடுத்துக் குடும்பமானவர்களும் உண்டு. கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. அந்த ஒருசிலரைக் காட்டி, திரும்பாதவர் அத்தனை பேர்மேலும் ஒரு பழி விழுந்தது. 'உங்க தாத்தா அங்க ஒரு சயாம்காரிய வச்சிக்கிட்டு இருந்துட்டாராமே' என்று எங்கள் சொந்தத்திலேயே கல்யாண வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எங்கள் அப்பாயி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான்.

தாலி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் பிரிவு 108 என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து எண்கூட மாறாமல் இங்கே வந்தது. ஏழு வருடமாக ஒருவரைப் பற்றி, கேள்விப்பட வேண்டியவர்கள் கேள்விப்படவில்லையென்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். 1943இலிருந்து ஏழு வருடம் என்றால் 1950. சட்டத்தின் கண்ணில் தாத்தா அந்த வருடம் போய்ச் சேர்ந்திருக்கலாம். அப்பாயி 1987இல் சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை, பூவை விடவில்லை. சுமங்கலிக்குரிய மஞ்சள் சேலையோடுதான் தூக்கினோம். தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் அதை ஆட்சேபித்தார்கள், சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அன்று எனக்கு ஆட்சேபித்தவர்கள்மேல் கோபம். இன்று யோசித்தால், எண்பது வருடம் தள்ளிப்போட்ட ஒரு கேள்வியை அவர்களாவது வாய்விட்டுக் கேட்டார்கள்.

அப்பாயி தாலியை வைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. 1946இல் பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் சயாமிலிருந்து திரும்பினார். காலில் ஆறாத புண், உடம்பில் தோல்தான் இருந்தது. அப்பாயி பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றார். அவர் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாராம்: "நீக்கேல பாத்தேன். நடக்க முடியாம மரத்தடில உக்காந்திருந்தான். எங்கள ஓட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க." செத்தான் என்று அவர் சொல்லவே இல்லை. அந்த வாக்கியத்தை அத்தை என்னிடம் நூறு முறையாவது சொல்லியிருப்பார். ஒரு சொல்கூட மாறியதில்லை. நீக்கே என்பது மூன்று பகோடா கணவாய்க்குப் போகும் வழியில் இருந்த முகாம். 1943 மழைக்காலத்தில் அந்தப் பகுதி முழுக்கக் காலரா.

சரி, தேடலுக்கு வருவோம். ஓய்வு பெற்ற மறுநாளே தொடங்கினேன். தொடங்கியதும் சுவரில் முட்டினேன். தாத்தாவின் பெயரே எங்களுக்குத் தெரியாது!

சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேருக்கு உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாது. எங்கள் கதை கொஞ்சம் விசித்திரமானது. அப்பாவின் அடையாள அட்டையில் தகப்பன் பெயர் இருந்தது: கட்டையன். அது பட்டப்பெயர். தாத்தா குள்ளம். அவசரகாலத்தில், 1948இல் அடையாள அட்டைப் பதிவு தொடங்கியது. 12 வயதானவர்களுக்கு அட்டை. அப்பாவின் முறை வந்தபோது தோட்டத்து ஆபீசில் கிராணி, 'தகப்பன் பேர் என்னம்மா' என்று அப்பாயியைக் கேட்டிருக்கிறார். புருஷன் பெயரை எந்தப் பெண்பிள்ளை வாயால் சொன்னாள் அந்தக் காலத்தில்? அப்பாயி தலையைக் குனிந்து நின்றார். வரிசையில் பின்னால் நின்ற யாரோ, "கட்டையன் மவன் சார்" என்றார்கள். கிராணி எழுதிக்கொண்டார். என் தகப்பனார் வாழ்நாள் முழுக்கக் கட்டையன் மகனாகவே இருந்து, அந்தப் பெயரோடே சம்பளம் வாங்கி, சேமநிதி வாங்கி, செத்துப்போனார்.

பெயரைக் காப்பாற்ற வேண்டியவளின் மரியாதையே பெயரை அழித்தது. நம் சமூகத்தில் முன்னோரைத் தேடுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வெள்ளைக்காரக் குடும்பங்கள் பைபிளின் முதல் பக்கத்தில் பெயர்களை எழுதி வைத்தன. நம் வீட்டில் பெயரைச் சொல்லாமல் இருப்பதுதான் அன்பு. 'அவுக', 'இவுக அப்பா', 'பெரியவரு'. ஆகவே கிழவிகளிடம் போய் 'பேர் என்ன' என்று கேட்காதீர்கள். 'எந்தச் சாமி கும்பிட்டார்', 'என்ன குழம்பு பிடிக்கும்', 'எதற்குக் கோபம் வரும்' என்று கேளுங்கள். சரளமாக வரும்.

பெயர் கிடைத்தது அத்தையின் பிறப்புப் பதிவிலிருந்து. மலாக்கா அப்போது நீரிணைக் குடியேற்றத்தின் பகுதி. பிறப்பு இறப்புப் பதிவில் பிரிட்டிஷார் கண்டிப்பு. ஜேபிஎன் என்று நாம் சொல்லும் தேசியப் பதிவு இலாகாவில் பழைய பதிவின் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். பிறந்த வருடமும் இடமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். முதல் இரண்டு முறை 'பதிவு இல்லை' என்றே பதில் வந்தது. மூன்றாம் முறை எழுத்துக்கூட்டலை மாற்றி எழுதிக் கொடுத்தேன். கிராணிமாரில் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும் அதிகம். ஒவ்வொருவர் காதுக்கும் ஓர் எழுத்து. வீரப்பன் ஒரு தாளில் 'வி' என்று தொடங்குவார், இன்னொன்றில் 'டபிள்யூ'வில். முனியாண்டி நாலு விதமாக வருவார். கறுப்பாயிக்குக் கணக்கே இல்லை. வாயால் சொல்லிப் பார்த்து, ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்துக்காரர் எப்படி எழுதியிருப்பார் என்று யோசியுங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை, எனக்கு இதுதான் பலித்தது.

நகல் கைக்கு வந்த அன்று கார் நிறுத்தும் இடத்திலேயே உட்கார்ந்து பிரித்தேன். தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் ஏழு ஆங்கில எழுத்துகள். வாய்விட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அந்தப் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அத்தை வேண்டாம் என்றார், அவருக்கு அது இன்னும் வீட்டுக்குள் இருக்க வேண்டிய பெயர். தொழில் என்ற கட்டத்தில் 'கூலி'. தகவல் தந்தவர் கட்டத்தில் தோட்டத்துக் கிராணியின் கையெழுத்து. ஊர் என்ற கட்டமே கிடையாது.

அதன்பின் பள்ளிக்கூடம். ஒரு தோட்டப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்ட வாய்ப்புக் கிடைத்தது. கரையான் தின்ற நோட்டு. போருக்கு முந்தைய பக்கங்களில் 'தகப்பன்' கட்டம் நிறைந்திருக்கிறது. 1946ஆம் ஆண்டுப் பக்கத்துக்கு வந்தேன். தாய்மாமன். பாட்டி. மாமன். சிற்றப்பன். பாட்டி. கட்டத்தின் தலைப்பில் 'தகப்பன்' என்று அச்சடித்திருக்க, அதன்கீழ் ஒரே சீரான கையெழுத்தில் வேறு வேறு உறவுகள். என் அப்பாவின் வரியும் அதில் இருந்தது: 'தாய் மட்டும்'. சயாம் ரயிலைப் பற்றி ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். இரண்டையும் வகுப்பில் நடத்தியவன் நான். அந்த ஒரு பக்கம் பண்ணியதை எந்த நாவலும் எனக்குப் பண்ணவில்லை.

இப்படிப்பட்ட நோட்டுகள் இன்று எங்கே? தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்கள் எங்கே? அதில்தான் ஆள் பெயர், நாள் கணக்கு, கூலி எல்லாம் இருந்தது. 1943இல் ஒருவர் எந்த நாள்வரை பேர் கொடுத்தார் என்று செக்ரோலைப் பார்த்தால் தெரிந்துவிடும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது பல புத்தகங்கள் பால் கொட்டகையில் அடுப்பெரிக்கப் போயின. மிச்சம் செம்பனை வந்தபோது போனது. வீடமைப்புப் பகுதி வந்தபோது கொட்டகையும் போனது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் பயிரிட்டார் என்பதை எல்லாப் பாடநூலும் சொல்கிறது. அங்கே மரம் வெட்டியவன் பெயரைச் சொல்லும் தாள் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

ஊரைக் கண்டுபிடித்தது தாளால் அல்ல, சாமியால். அத்தைக்குத் தகப்பன் சொன்ன இரண்டு விஷயங்கள் நினைவிருந்தன. ஒன்று, 'எங்க சாமி திங்களும் வெள்ளியும்தான் கதவத் தொறக்கும்'. இன்னொன்று, 'ஆத்தத் தாண்டுனா தென்னார்க்காடு'. முதலாவதைக் கேட்டதும் திருச்சிப் பக்கத்து நண்பர் ஒருவர் தொலைபேசியிலேயே, "சிறுவாச்சூர் மதுரகாளியம்மன், வேற என்ன" என்றார். அந்த அம்மன் கோயில் வழக்கமாகத் திங்கள், வெள்ளியில் மட்டும் திறக்கும். பெரம்பலூருக்குத் தெற்கே இருக்கிறது. 1995 வரை அது திருச்சி மாவட்டம். தென்னார்க்காட்டுக்கும் திருச்சிக்கும் எல்லையாக ஓடியது வெள்ளாறு. சிறுவாச்சூரைக் குலசாமியாகக் கும்பிடும் குடும்பங்கள், வெள்ளாற்றுக்குத் தென்கரையில். வட்டம் சுருங்கிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளையின் காதில் விழுந்த இரண்டு வாக்கியம், எந்தக் காப்பகமும் செய்யாததைச் செய்தது.

நான் செய்த முதல் தப்பையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமலிருக்க. ஊரைக் கண்டுபிடித்ததும் கோப்பும் கையுமாக நேரே தாத்தாவின் பூர்வீக வீட்டுக்குப் போய் நின்றேன். பிறப்புப் பதிவு நகலைக் காட்டினேன். வந்தவர்களின் முகம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டது. பங்கு கேட்க வந்திருக்கிறான்! தாத்தா பெயர் கூட்டுப் பட்டாவில் வெகுகாலம் இருந்திருக்கிறது. அங்கே 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகளைச் சரிசெய்தார்கள், யூ.டி.ஆர். என்பார்கள். அதற்கு முந்தைய பதிவேடுகளில் செத்தவர், கப்பலேறியவர் எல்லோரும் சுகமாக உயிரோடு இருப்பார்கள். எனக்கு ஒரு சென்ட் நிலமும் வேண்டாம் என்று எழுதித் தருகிறேன் என்றேன். சந்தேகம் இன்னும் கூடிப்போனது. கேட்காமலே எழுதித் தருகிறேன் என்கிறவனை யார் நம்புவார்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோப்பை விடுதியில் வைத்துவிட்டுச் சிறுவாச்சூர் போய்ப் பொங்கல் வைத்தேன். அந்த வீட்டுப் பெரியவர் அங்கே வந்தார், யாரோ சொல்லியிருப்பார்கள். கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு கிட்டே வந்து, "வெறகு இப்படி வைக்கக் கூடாது" என்று குனிந்து சரிசெய்தார். அப்புறம்தான் பேச்சு.

அந்த வீட்டில் ஒரு மொய் நோட்டு இருந்தது. 1939, தாத்தாவின் தங்கை கல்யாணம். நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு. ஊர், பெயர், தொகை. எட்டணா, ஒரு ரூபாய், எட்டணா என்று போய்க்கொண்டே இருக்கிறது. பக்கத்தின் கடைசியில், வேறு மையில்: 'மலாயாத் தம்பி, மணியார்டர், ரூ. 10'. பெயர் இல்லை. அந்த வீட்டில் அவருக்குப் பெயர் தேவைப்படவில்லை. மலாயாவில் இருக்கும் தம்பி அவர் ஒருவர்தான். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். தபால் நின்றது. அதோடு அந்தக் குடும்பத்துக்கு அவர் காணாமல் போனார். எங்களுக்குக் காணாமல் போவதற்கு ஒன்றரை வருடம் முந்தியே, எங்களோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், அவர்களுக்குக் காணாமல் போய்விட்டார்.

அங்கே அவர்கள் வேறு மாதிரி முடிவெடுத்தார்கள். சில வருடம் பார்த்துவிட்டு, ஆடி அமாவாசையில் அவருக்கும் சேர்த்து எள்ளும் தண்ணியும் விட்டுவிட்டார்கள். அதன்பின் அண்ணன் வீட்டில் பிறந்த பேரனுக்கு அவர் பெயரை வைத்தார்கள். எனக்கு அன்று டீ போட்டுக் கொடுத்தவர் அந்தப் பேரன்தான். அறுபதைத் தாண்டிய ஆள், குள்ளம். பிறப்புப் பதிவில் ஏழு ஆங்கில எழுத்தாகப் பார்த்த பெயரைச் சொல்லி வாசலிலிருந்து யாரோ கூப்பிட, "இந்தா வர்றேன்" என்று அவர் குரல் கொடுத்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன், கை நடுங்கியது. எங்கள் வீட்டில் எந்தப் பேரனுக்கும் அந்தப் பெயர் இல்லை. அப்பாயி இருக்கும்வரை யார் வைப்பது? தன் பேரனைக்கூட அவரால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் போயிருக்கும்.

காஞ்சனபுரிக்கும் போனேன். போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், புல்லைக்கூட அளந்து வெட்டியிருக்கிறார்கள். கூலிகளாகப் போனவர்களில் ஒருவருக்கும் அங்கே கல் இல்லை. கொஞ்ச தூரத்தில் வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்தக் கோயிலில் ஆசியத் தொழிலாளர்களுக்கு நினைவிடம் உண்டு. அண்மையில் மலேசிய, தாய்லாந்துத் தமிழர்கள் முயற்சியில் ஒரு நடுகல்லும் அங்கே எழுந்திருக்கிறது. நடுகல் நட்டவர்களை வணங்குகிறேன். அதில் பொறிக்கப் பெயர்கள் வேண்டுமே என்ற குறைதான் எனக்கு.

பெயர்கள் கிடைக்கக்கூடிய ஓர் இடத்தை நம்மவர்கள் அதிகம் பார்ப்பதில்லை: வெள்ளைக்காரக் கைதிகளின் நாட்குறிப்புகள். தொண்டர் படையில் சேர்ந்து கைதியான தோட்டத் துரைமார் பலர் தமிழ் பேசுவார்கள். டாக்டர் ராபர்ட் ஹார்டி என்பவர் மலாயாவில் மருத்துவராக இருந்தவர்; சயாமில் மறைத்து மறைத்து எழுதிய அவருடைய நாட்குறிப்பில் நம் ஆட்கள் பட்ட பாடு வருகிறது. அது அச்சில் இருக்கிறது. 1943 ஜூனில் ஒன்றும் ஆகஸ்டில் ஒன்றுமாக, 'கே', 'எல்' என்று இரண்டு மருத்துவக் குழுக்களைக் கைதிகளிலிருந்து பொறுக்கி, கூலி முகாம்களுக்கென்றே அனுப்பினார்கள். அந்தக் குழுக்களில் இருந்தவர்களின் தாள்களை லண்டன், கான்பரா காப்பகங்களில் தேட வேண்டும். ஆங்கிலம் தெரிந்த நம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் யாராவது ஒருவர் இரண்டு வருடம் இதில் உட்கார்ந்தால் போதும்.

காணாமல் போவதற்கு நம்மிடம் வேறு வழிகளும் இருந்தன. 1969க்குப் பின் வேலை அனுமதி கேட்டபோது, குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 'ரஜுலா' கப்பல் பிரித்த அண்ணன் தம்பிகள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். அது தனிச் சொற்பொழிவுக்கு உரிய விஷயம், இன்று தொடவில்லை.

கம்போங் செட்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. காஜா பெராங்கில் இருக்கும் மலாக்கா செட்டிகள் போர்த்துக்கீசியர் காலத்துக்கும் முந்தையவர்கள். தமிழ் பேச மறந்துவிட்டார்கள். மலாய்தான் வீட்டுப் பேச்சு. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. போகியன்று 'பார்ச்சு' என்று முன்னோருக்குப் படைப்பார்கள். பழக்காலத்தில் பழங்களோடு இன்னொரு பார்ச்சு. ஒருமுறை அந்தப் படையலைப் பார்க்க ஒரு வீட்டில் என்னை உட்கார வைத்தார்கள். வரிசையாக வாழை இலைகள். 'இது யாருக்கு, இது யாருக்கு' என்று வாத்தியார் புத்தி கேட்டுக்கொண்டே வந்தது. முதல் சில இலைகளுக்கு உறவு சொன்னார்கள். மற்றவற்றுக்கு அந்த வீட்டு அம்மா மலாயில் சொன்னது, எல்லாருக்கும் என்பதுதான். மொழி போய், ஊர் போய், பெயரும் போன பிறகும் இலை விழுந்துகொண்டிருக்கிறது. நாமும் அந்த இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறோம். போவதற்குள் பெயர்களையாவது எழுதிவிடலாம் என்றுதான் இந்த அலைச்சல்.

ஊரிலிருந்து திரும்பி வந்து அத்தையிடம் எல்லாம் சொன்னேன். மொய் நோட்டுப் பக்கத்தைக் கைபேசியில் காட்டினேன். தொண்ணூறை நெருங்கும் கண். படம் பெரிதாக்கிக் காட்டியும் எழுத்து தெரியவில்லை. "பத்து ரூபாயா போட்டாரு?" என்று இரண்டு முறை கேட்டார். அந்த வருட தீபாவளிக்கு முதல் நாள், கடைசி இலையைச் சுவரோரம் போடப் போன என் மருமகளைத் தடுத்து, வரிசையோடு சேர்த்துப் போடச் சொன்னார். சூடம் காட்டலாமா என்று கேட்டேன். பேசாமல் இருந்தார். நானும் காட்டவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த அரங்கின் வாசலில், காலணி விடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் ஒரு நீள நோட்டு, மொய் நோட்டு மாதிரி கோடு போட்டது. சயாமுக்குப் போய்த் திரும்பாத உங்கள் வீட்டாரைப் பற்றி நாலு விவரம் எழுத வேண்டும்: பெயர், பெயர் தெரியாவிட்டால் பட்டப்பெயர், இருந்த தோட்டம், நம்மவர் அதற்கு வைத்த பெயரும் சேர்த்து, குலசாமி, கடைசியாகப் பார்த்தவர் சொன்ன வார்த்தை. வீட்டில் செக்ரோல் புத்தகமோ, பள்ளிப் பதிவேடோ, கிராணி எழுதிய எந்த நோட்டோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள், எனக்குச் சொல்லியனுப்புங்கள், நானே வந்து படம் எடுத்துக்கொள்கிறேன். முதல் வரியில் என் தாத்தாவை எழுதியிருக்கிறேன். அத்தை சம்மதித்து, பட்டப்பெயரை மட்டும். பேனா நூலில் கட்டியிருக்கிறது. யாரும் அவசரப்பட வேண்டாம், எல்லாரும் எழுதி முடிக்கும்வரை நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.